நாத்தனாரில் சுட வேண்டும்

என் அக்காவின் வலது கையை எடுத்துவிட்ட பிறகு, இடது கையையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா எங்களிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். அது எங்களால் முடிந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், திட்டு வாங்க வேண்டியவர்களைத்தான் திட்டுவேன்.

அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு வயலுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் வெங்காயம், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, பின்னால் மாட்டுக் கொட்டகை. கடைக்குப் போவதென்றால் பாதி நாள் போய்விடும். அதனால் அந்த வீட்டில் ரொட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் சுட்டு வைத்தால் அடுத்த சனிக்கிழமை வரை அதுதான் சாப்பாடு, வீட்டுக்கும் சரி, வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் சரி. சமையலறைக்குப் பின்னால் செங்கல்லில் கட்டிய ரொட்டி அடுப்பு ஒன்று உண்டு. ஆள் குனிந்தால் தலை நுழைகிற அளவுக்கு வாய். உள்ளே விறகை எரித்து, தணலை வெளியே வாரி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு மாவை உள்ளே வைத்து மூடவேண்டும்.

அடுப்பில் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் அம்மா ஒரு சிட்டிகை மாவை உள்ளே வீசுவாள். மாவு சிவந்தால் சரி, கருகினால் பொறுக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன். அக்காவின் மாமியார் வீட்டில் அதெல்லாம் கிடையாது. வெறும் கையை முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு, நிதானமாகச் சொல்ல வேண்டும்: மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார், புருஷன், பிள்ளை. கொழுந்தன் வருவதற்குள் கை பொறுக்காமல் வெளியே வந்தால் சூடு அதிகம், கொஞ்சம் ஆறவிட வேண்டும். புருஷனைத் தாண்டிவிட்டால் சூடு போதாது, இன்னும் விறகு போட வேண்டும். ரொட்டிக்கு நாத்தனாரில் சுட வேண்டும். பன்னுக்குப் புருஷன் போதும். புருஷன்மார்களிடம் அவ்வளவுதான் சூடு என்று பெண்கள் நாங்கள் சிரித்துக்கொள்வோம். அக்காவின் நாத்தனார் விருந்துக்கு வரும்போதெல்லாம், "நான் ஊர்ல இல்லாதப்பவும் என்னைச் சொல்லித்தான் கையைச் சுட்டுக்கிறீங்களா" என்று கேட்பாள்.

இதை மாமியார்தான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பாசத்தோடு சொல்லிக் கொடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மாள் வாய் ஓயாமல் திட்டுகிற ரகம். பாத்திரம் உருண்டால் திட்டு, மாடு கத்தினால் திட்டு. அக்கா பதிலே பேசமாட்டாள். மாவைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அது இன்னும் ஆத்திரம் அந்த அம்மாளுக்கு. "எவ்வளவு சொன்னாலும் உறைக்குதா பாரு. சூடு சொரணை இல்லாத ஜென்மம்" என்பாள். நான் பக்கத்து வயல் வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், வேலியைத் தாண்டினால் அக்கா வீடு. அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அக்காவிடம் சண்டைக்குப் போவேன். "விடுடி, அது அவங்க இருமுற மாதிரி. பழகிடுச்சு" என்பாள்.

அக்காவுக்கு நாற்பது தாண்டியது. அப்போது ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஓயாத தாகம். அடுப்புப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தாள். அடுப்புச் சூட்டுக்குத் தாகம் எடுக்காதா என்றார்கள். உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளவென்று ஆனது. அடுப்படியில் வேலை செய்தால் இளைக்காதா என்றார்கள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். அதற்கும் அடுப்புதான். அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் அடுப்பே பதில்.

ஒருநாள் வயலிலிருந்து வந்தவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் வந்து நின்றாள். இன்னொரு செருப்பு வரப்பில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. நாங்கள் சொன்ன பிறகுதான் குனிந்து காலைப் பார்த்தாள். வேலையாட்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அம்மா காலில் ஒரு புண் வந்து, அது ஆறாமலே போய்ச் சேர்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர்.

"வெங்காயம் எடுத்து முடியட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"வெங்காயம் முடிஞ்சா கிழங்கு வரும். அது முடிஞ்சா?"

"அதுக்குள்ள உங்கக்கா ஓடியா போயிடப் போறா?" என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்பு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சிரித்துச் சிரித்தே ஒரு வீட்டைக் குழியில் தள்ள முடியும் என்று நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ரொட்டி வேகிற தகரத்தட்டுகளை அடுப்பிலிருந்து வெறும் கையால் எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் பிடிதுணி கைக்கு எட்டவில்லை, அவசரத்தில் அப்படியே பிடித்து எடுத்திருக்கிறாள். சுடவில்லை. அதைப் பார்த்த மாமா அசந்து போனார். அன்றைக்கே அவளுக்கு 'இடுக்கி' என்று பெயர் வைத்தார். பாத்திரம் இறக்குகிற இடுக்கி இருக்கிறதே, அது. கன்றுக்குட்டி வாங்க வருகிறவர்கள், லாரிக்காரர்கள், யார் வந்தாலும் ரொட்டி சுடுகிற நாளாக இருந்தால் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வருவார்.

"ஏய் இடுக்கி, அந்தத் தட்டைக் கொஞ்சம் எடுத்துக் காட்டு."

அக்கா அடுப்புக்குள் கையை விட்டு, பழுக்கக் காய்ந்த தட்டை ஏதோ தாம்பாளம் ஏந்துவது போல ஏந்தி வருவாள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். "அவ கைக்கு நெருப்பே பயப்படும்" என்பார் மாமா. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. முதல் தடவையாகக் கிடைத்த பாராட்டு அது. பிறகு அவள் எப்படித் துணியைத் தேடுவாள்? உள்ளங்கையில் கொப்புளம் வந்தால் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள். நான் கேட்டால், "ஒண்ணும் வலிக்கலடி, நெசமா" என்பாள். அது நிஜம்தான். அதுதான் எங்கள் போதாத காலம்.

பிறகு ரொட்டி தீய ஆரம்பித்தது.

முதல் வாரம் அடிப்பக்கம் கொஞ்சம் கருப்பு. அடுத்த வாரம் பாதி கருப்பு. அதற்கடுத்த வாரம் மாட்டுக்குக்கூடப் போட முடியாத கரி. அத்தனை வருஷமாக ஒரு ரொட்டியைக்கூடத் தீயவிடாதவள் அவள். மாமியாருக்குக் கேட்கவா வேண்டும்?

"ஏண்டி, அடுப்பை வெச்சுட்டு எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

"நாத்தனார் தாண்டி, புருஷன் தாண்டி, பிள்ளை வரைக்கும் சொல்லிட்டேன் அத்தை. இன்னும் சுடவே இல்ல. அதான் விறகு போட்டேன்" என்றாள் அக்கா. பாவம், அவளுக்கே குழப்பம்.

"அப்ப அடுப்புலதான் ஏதோ கோளாறு" என்றார் மாமா. உடனே ஆளைக் கூப்பிட்டார். கொத்தனார் வந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஒரு இடத்தில் மயிரிழை அளவு விரிசல் இருக்கிறது என்றார், களிமண் குழைத்து உள்ளும் புறமும் பூசினார். அக்காவைக் கூட்டிப்போக நேரமில்லாத மனிதர் அடுப்புக்கு வைத்தியம் பார்த்தார். பூசிய அடுப்பு இன்னும் நன்றாகச் சூட்டைப் பிடித்துக்கொண்டது. ரொட்டி இன்னும் நன்றாகத் தீய்ந்தது.

எல்லாம் நடந்து முடிந்த பிறகு யோசித்தால் ஒரு பச்சைக் குழந்தைக்கும் புரிகிற விஷயம். அடுப்பில் சூடு இருந்தது. கையில்தான் போய்விட்டது. ஆனால் அந்த வீட்டில் சூட்டை அளக்க அக்காவின் கையைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. ஒரு சிட்டிகை மாவை வீசிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது பிறந்த வீட்டுப் பழக்கம், இங்கே செல்லாது என்று கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் மாவு நாறுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பிசைந்து மூடி வைத்த மாவைத் திறந்தால் ஒரு வாடை வருகிறதாம். ஈஸ்ட் பழசு என்று மாமியார் கத்தினாள். புது ஈஸ்ட் வந்தது. அப்போதும் நாற்றம். மாவை அப்படியே குப்பையில் கொட்டினார்கள். நான் தற்செயலாக அன்றைக்கு அங்கே போயிருந்தேன். அக்கா வலது கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனதும் அதே வாடை மூக்கில் அடித்தது. துணியை அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே பிடித்து அவிழ்த்தேன். மாவில் நாற்றமே இல்லை. அத்தனையும் அவள் கையிலிருந்து வந்தது. உள்ளங்கையின் நடுவில் ஒரு குழி. விரல்கள் ஊதி, நகத்தைச் சுற்றிக் கறுத்திருந்தன.

அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் வயலில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மனிதர் டிராக்டரை எடுத்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயது. ரத்தம் எடுத்துப் பார்த்தார், சர்க்கரை என்றார். எத்தனையோ வருஷமாக இருந்திருக்கும் என்றார். ஒரு ஊசியை எடுத்து அக்காவின் கால், கை, விரல் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு டாக்டரம்மாவின் முகம் வாடுவதைப் பார்த்து, அவரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள்:

"எங்க மாமியார் அப்பவே சொல்லிட்டாங்க டாக்டர். எனக்குச் சூடு சொரணை கிடையாதாம்."

யாரும் சிரிக்கவில்லை. மாமாகூடச் சிரிக்கவில்லை. வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இடது கையிலும் உணர்ச்சி போய்விட்டது. சின்னச் சூடு பட்டாலும் அதே கதைதான், அடுப்புப் பக்கமே விடாதீர்கள், தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள் என்றார். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்றார். எனக்கும் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். அக்காவுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கும் பார்த்தார்கள். "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. நாங்கள் எல்லோரும் 'ஒண்ணும் இல்ல' என்பதைப் பிடித்துக்கொண்டோம். அக்கா 'இப்போதைக்கு' என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மகள் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்த்துக் குடித்தால், "ஏண்டி இவ்வளவு தாகம்?" என்பாள். மகள் செருப்பு போட்டுக்கொண்டு நடந்தால் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரத்தத்தில்தான் பார்த்தாகிவிட்டதே என்று நான் சொன்னால், "கண்ணாடிக் குழாய்ல பாத்து என்னடி தெரியும்? எனக்கு வந்தது எனக்கே தெரியலையே" என்பாள்.

ரொட்டி வேலை மகளுடையதாயிற்று. அக்கா பக்கத்தில் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல அவள் செய்வாள். அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கையை உள்ளே விடக்கூடாது, மாவை வீசித்தான் பார்க்க வேண்டும். மாமியார் முணுமுணுத்தாள். அக்கா அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அந்த அம்மாள் அடங்கிவிட்டாள். அந்தப் பார்வையை முதலிலேயே பார்த்திருக்கக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

மாமாவும் மாறித்தான் போயிருந்தார். தினமும் காலையில் அக்காவின் இடது கையைத் தன் மடியில் வைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். ஆனால் நாக்கு மாறவில்லையே.

அந்தச் சனிக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். முதல் ஈடு ரொட்டி வெந்துவிட்டது. மகள் மடித்த துண்டால் தட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். துண்டு நழுவியது. ரொட்டி கீழே விழுந்துவிடப் போகிறதே என்று இன்னொரு கையால் வெறுமனே தட்டைப் பிடித்து, இரண்டே எட்டில் பலகைமேல் வைத்துவிட்டாள். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த மாமா அதைப் பார்த்தார்.

"அடேங்கப்பா, சின்ன இடுக்கி தயாராயிட்டா" என்றார்.

சொல்லி முடித்ததுமே அவர் முகம் செத்துப்போனது. வாயிலிருந்து விழுந்ததைத் திருப்பி எடுக்க முடியுமா? அக்கா தொட்டியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இங்க வா. கையை உள்ள விடு."

"எதுக்கும்மா? மாவு போட்டுப் பாத்தாச்சு. சூடு சரியாத்தான் இருக்கு."

"விடுன்னேன். விட்டுட்டுச் சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள். "சித்தி, அம்மாவைப் பாருங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, மாமனாருக்கு எங்க போவேன்" என்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்றதும் கையை உள்ளே விட்டாள். நானும் சும்மாதான் இருந்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டால் அக்காவின் மனம் ஆறுமே என்று நினைத்தேன்.

"மாமனார். மாமியார். கொழுந்தன்."

அந்தப் பெண் அந்த வீட்டில் வளர்ந்தவள். வெறும் கையால் தட்டெடுத்த அம்மாவுக்கு எல்லோரும் வாயைப் பிளந்ததைப் பார்த்து வளர்ந்தவள். தாங்கிக்கொண்டு நின்றால்தான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிட்டாள். அது அவள் பிறகு அழுதுகொண்டே என்னிடம் சொன்னது.

"நாத்தனார்" என்றாள். கையை எடுக்கவில்லை. "புருஷன்" என்றாள்.

அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. "சுடலையா? சுடலையாடி உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இன்னும் உள்ளே தள்ளினாள்.

அப்போது அந்தப் பெண் கத்தினாள் பாருங்கள், கொட்டகையில் மாடுகள் மிரண்டு எழுந்தன. "சுடுதும்மா, விடு, சுடுது." அக்கா விடவில்லை. விடக்கூடாது என்று இல்லை. மகளின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள், தன் கையும் உள்ளே செங்கல்லை ஒட்டியே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. நானும் மாமாவும் ஓடிப்போய் இரண்டு பேரையும் பிடித்து இழுத்தோம். மகளின் மணிக்கட்டு சிவந்து கொப்பளித்திருந்தது. அக்காவின் புறங்கையில் தோலே இல்லை. அது அடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "பெத்த பொண்ணைப் போய்ச் சுடறியேடி பாவி, உனக்குச் சூடு..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அந்த அம்மாளால் சொல்ல முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. அழுகிற மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசமாத்தானே கத்துன? எனக்காக இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தப் பெண் விம்மிக்கொண்டே, நிஜமாகத்தான் என்று தலையாட்டியது.

டிராக்டரில் ஈரத்துணி சுற்றிக் கூட்டிப்போனோம். மகளை ஒரு அறையிலும் அக்காவை ஒரு அறையிலும் வைத்தார்கள். டாக்டரம்மா துணியைப் பிரித்துப் பார்த்தார். எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தக் கையையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். மாமா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அக்காவுக்கும் அது காதில் விழுந்தது. விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பொண்ணு கைக்கு மருந்து போட்டாங்களா?"

"போட்டாங்கக்கா."

"எரியுதாமா?"

"ரொம்ப எரியுதாம். அழுதுக்கிட்டே இருக்கா" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எரியட்டும்" என்றாள். "நல்லா எரியட்டும்."